கோலிக் குழிக்கு ஒரு முழம் மண்

காங்கிரீட்டில் கோலிக் குழி தோண்ட முடியாது. இதைச் சொல்ல ஒரு நடுப்பக்கக் கட்டுரை வேண்டுமா என்று கேட்கலாம். மரபு விளையாட்டுகள் ஏன் மறைகின்றன என்று பேசும் கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். கைபேசி, தொலைக்காட்சி, டியூஷன், பெற்றோரின் பயம் என்று எல்லாவற்றின் மேலும் பழி விழும். காலுக்குக் கீழே இருந்த தரை மாறிப்போனதை மட்டும் யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். நாட்டார் விளையாட்டுகளையும் அவற்றுக்கான கருவிகளைச் செய்யும் கைவினைகளையும் தேடித் திரிகிறவன் என்ற முறையில், அந்தத் தரையைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

பெங்களூரு கன்டோன்மென்டில், ஹலசூரு ஏரிக்கும் இந்திரா நகருக்கும் நடுவே இருக்கிறது மர்பி டவுன். ஒரு காலத்தில் அதற்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் நிர்வாகப் பொறியாளராக இருந்த மர்பி என்ற வெள்ளைக்காரர் திட்டம் போட்டுத் தெருக்கள் அமைத்ததால், அவர் பெயரே ஊருக்கு நின்றுவிட்டது. ராணுவத்தையும் துரைமார் வீடுகளையும் நம்பிப் பிழைத்த தமிழ்க் குடும்பங்கள்தான் இங்கே அதிகம். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், நண்பனிடம் தக்கினி உருது என்று வளரும் பிள்ளைகளின் பேட்டை இது. வீடு சின்னது, அதனால் பிள்ளைக்குத் தெருதான் கூடம். ‘போய்த் தெருவுல ஆடு’ என்று அம்மா விரட்டுவதும், விளக்கு வைக்கிற நேரத்தில் அதே அம்மா பேரைச் சொல்லிக் கூவுவதும் இங்கே அன்றாடம் நடந்தவை. தெரு இருந்தது, மண்ணாக இருந்தது.

மண் தரையில் கோலி எப்படி ஆடுவார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். குழி தோண்டக் கருவி எதுவும் வேண்டாம். குதிகாலை ஊன்றி உடம்பை ஒரு சுற்றுச் சுற்றினால் குழி விழுந்துவிடும். உதிரி மண்ணை உள்ளங்கையால் தள்ளி, விளிம்பைக் கட்டை விரலால் அழுத்திவிட்டால் ஆட்டம் தயார். கட்டை விரலைத் தரையில் ஊன்றி, நடுவிரலில் கோலியை வைத்து, மறு கையால் அந்த விரலை வில் மாதிரிப் பின்னுக்கு வளைத்து விடுவான் பையன். கோலி ஓடுகிற ஓட்டத்தைத் தரை தீர்மானிக்கும். சின்ன மேடு, நேற்றைய மழையின் ஈரம், எறும்புப் புற்று எல்லாமே கணக்கில் சேரும். அந்தத் தெருப் பையனுக்கு அந்த மண் மனப்பாடம். அடுத்த தெருக்காரன் வந்தால் திணறுவான். தோற்றவன் கையை மடக்கி முட்டியைத் தரையில் வைக்க வேண்டும், மற்றவர்கள் கோலியால் அதைக் குறிபார்த்து அடிப்பார்கள். வலிக்கும். வலிக்கிறது என்று சொன்னால் மானம் போகும்.

பம்பரமும் மண்ணை நம்பியதுதான். வட்டம் போட்டுக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் விடுவார்கள். சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் சுண்டி மேலே தூக்கிக் கையில் பிடிப்பதற்கு ‘அபீட்’ என்று பெயர். கடைசியாக அபீட் எடுத்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், மற்றவர்களின் ஆணிகள் அதன் மேல் இறங்கும். குத்து ஆழமாக விழுந்தால் மரம் பிளந்துவிடும். கடையில் வாங்கிய பம்பரத்தை அப்படியே களத்துக்குக் கொண்டுபோகிறவன் ஏமாளி. விவரம் தெரிந்தவன் ஏதாவது ஒரு பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி, இருந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடித்து, கல்லில் தீட்டி எடுத்து வருவான். அந்த ஆணி மண்ணைக் கவ்வி நிற்கும். காங்கிரீட்டில் வழுக்கும், பொறி பறக்கும், நாலு தடவை விட்டால் முனை மழுங்கிவிடும்.

பெங்களூருவின் பெரிய சாலைகளை ‘ஒயிட் டாப்பிங்’ என்று காங்கிரீட் போட்டு மூடும் வேலை வருஷக்கணக்கில் நடக்கிறது. உள்தெருக்களுக்கும் சந்துகளுக்கும் சிமெண்டு போட்டாயிற்று. நடைபாதைக்கு இன்டர்லாக் கல் வந்துவிட்டது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை நாளில் முழங்கால் சேற்றில் நடந்தவர்கள் கேட்டு, மனுப் போட்டு, கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று வாங்கிய காங்கிரீட் அது. கொசுவும் சாக்கடையும் பார்த்தவர்களிடம் போய் மண் தெருவின் அழகைப் பற்றி நான் பேசினால் விளக்குமாறு எடுத்து வருவார்கள். ஆனால் மூடும்போது ஓர் ஓரம்கூட விடாமல் மூடியது யாரும் கேட்டு நடந்ததல்ல. ஒப்பந்தக்காரரின் அளவு நாடா சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஓடியது, அவ்வளவுதான். மிச்சம் கிடைத்த இடத்தை இரு சக்கர வண்டிகள் எடுத்துக்கொண்டன.

தரையோடு விளையாட்டுப் பொருளும் போயிற்று. லகோரி என்று கன்னடத்திலும் நம்ம பேட்டைத் தமிழிலும் சொல்லும் ஏழுகல் ஆட்டத்துக்குத் தட்டையான சில்லுகள் வேண்டும். பாண்டி ஆடும் பெண் பிள்ளைகளுக்கு ஓட்டுச் சில்லு வேண்டும். மங்களூர் ஓடு வேய்ந்த வீடுகள் இருந்தவரை உடைந்த ஓட்டுக்குப் பஞ்சமில்லை. தளம் போட்ட மாடி வீடுகள் சில்லு கொடுப்பதில்லை. கில்லிக்கும் தாண்டுக்கும் ஒரு மரக்கிளை, சீவித்தர ஒரு கத்தி, அடிக்க ஒரு வெட்டவெளி வேண்டும். மூன்றில் எது இன்று மர்பி டவுன் பையனுக்குச் சுலபமாகக் கிடைக்கும்?

இனி மீட்பு வேலைகளுக்கு வருவோம், அங்கேதான் எனக்குக் கோபம். நம் நாட்டில் மரபு விளையாட்டை மீட்பது என்றால் பெரும்பாலும் பெட்டிக்குள் அடைக்க முடிந்ததை மீட்பது. பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஆடுபுலி ஆட்டம் எல்லாம் தேக்குப் பலகையிலும் பட்டுத் துணியிலும் திரும்பி வந்துவிட்டன. வரவேற்கிறேன். மைசூரு மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பலகை விளையாட்டுகளில் ஊறியவர், தாமே புதிது புதிதாக வடிவமைத்தவர். அவருடைய ஸ்ரீதத்துவநிதி என்ற நூலில் கௌதுகநிதி என்ற பகுதி முழுக்க விளையாட்டுகளைப் பற்றியது. அந்த மரபைத் தூசு தட்டி எடுத்து, கைவினைஞர்களைக் கொண்டு பலகைகளும் காய்களும் செய்ய வைத்துக் கண்காட்சி நடத்திவரும் மைசூருவின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானத்தின் உழைப்பு உண்மையானது. சென்னையின் க்ரீடா நிறுவனமும் அப்படித்தான். ஆனால் அரண்மனையில் ஆடியதற்கு ஏடு இருக்கிறது, சித்திரம் இருக்கிறது, இப்போது விலையும் இருக்கிறது. கோலிக்கு எதுவும் இல்லை. ‘கோலி ஆடுறவன் உருப்படமாட்டான்’ என்ற வசவு மட்டும் இருக்கிறது. கூலிக்காரர் பிள்ளைகளின் ஆட்டத்தை மரபு என்று ஒப்புக்கொள்ள நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

சென்னப்பட்டணத்தைப் பாருங்கள். பெங்களூருவிலிருந்து மைசூரு போகும் வழியில் 60 கிலோமீட்டர். கடைசல் இயந்திரத்தில் வெட்பாலை மரத்துண்டு சுழலும். கைவினைஞர் வண்ண அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார். உரசலில் எழும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அந்தக் கணத்தில் எழும் வாசனையை ஒருமுறை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள். புவிசார் குறியீடு பெற்ற கைவினை இது, வெளிநாட்டுக்கும் போகிறது. அங்கே செய்யும் பம்பரங்களும் அழகுதான். ஆனால் காகிதப் பெட்டியில் போட்டு விற்கும் பம்பரத்துக்கு ஆணி கிடையாது, சாட்டை கிடையாது. இரண்டு விரலால் திருகி மேசை மேல் விடலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஆபத்தில்லாதது என்பது விற்பனைக்கு நல்ல தகுதி. பொம்மை பிழைத்துக்கொண்டது. வட்டம் போட்டு, அபீட் எடுத்து, குத்து வாங்கும் அந்த ஆட்டத்துக்குச் சென்னப்பட்டணம் பொறுப்பல்ல. ஆனாலும் கைவினை காப்பாற்றப்பட்டதை விளையாட்டு காப்பாற்றப்பட்டதாக எழுதிக்கொள்வது பொய்க்கணக்கு.

உலகத்தின் மறு மூலையில் இதே சிக்கலில் மாட்டியவர்கள் வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கியர்களைச் சொல்கிறேன். தென்கிழக்கு மலைநாட்டிலிருந்து 1838–39இல் ராணுவத்தை வைத்து அவர்களை ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். மலைகளில் தங்கிவிட்ட சிறு பகுதியினர் இன்று வட கரோலினாவில் கிழக்குச் செரோக்கியர். இரு பக்கமும் கூடையும் உண்டு, ஆட்டமும் உண்டு.

செரோக்கியரின் பெயர்போன கூடை ஆற்றோர மூங்கிலில் பின்னுவது. மூங்கில் என்று சும்மா சொல்லவில்லை. வட அமெரிக்காவில் இயற்கையாக வளரும் மூங்கில் இனம்தான் அது. கூடை முடையும் நம் மேதரர்கள் செய்வது போலவே கத்தியால் பிளந்து, சிம்பு எடுத்து, உள்சதையைச் சுரண்டி, வால்நட் மரத்தின் வேரிலும் பட்டையிலும் சாயமேற்றுவார்கள். இதில் இரட்டைப் பின்னல் என்று ஒரு வகை. உள்ளே ஒரு கூடை, வெளியே ஒரு கூடை, இரண்டும் ஒரே ஓட்டமாகப் பின்னியது. கிழக்குச் செரோக்கியரிடம் இந்த வித்தை ஏறக்குறைய அறுந்தே போயிருந்தது. லாட்டி குவீன் ஸ்டாம்பர் என்ற பெண், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த 18ஆம் நூற்றாண்டுக் கூடை ஒன்றின் புகைப்படத்தைப் பார்த்துப் பார்த்து, 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பின்னலைக் கண்டுபிடித்துப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார். 1946இல் கைவினைஞர்கள் குவாலா என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. பூர்வகுடிகள் செய்யாததைப் பூர்வகுடிகள் செய்ததாக விற்றால் தண்டனை என்று 1990இல் கூட்டாட்சிச் சட்டமே வந்தது.

நம் ஆட்கள் இந்த இடத்தில் விருது கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். செரோக்கியர்கள் ஒரு படி மேலே போனார்கள். பின்னத் தெரிந்தவர்கள் இருந்தும் மூங்கில் இல்லை. ஆற்றங்கரைக் காடுகளை வயலுக்கும் மாட்டு மேய்ச்சலுக்கும் அழித்தாயிற்று. எனவே கூடைக்கான மூங்கில், வெள்ளை ஓக் மரம், சாயச் செடி, பானைக்கான களிமண் ஆகியவற்றை மீட்பதற்கென்றே தனித் திட்டம் வைத்துப் பணம் ஒதுக்கினார்கள். கைவினைக்கான பணம் மண்ணுக்கும் புதருக்கும் போயிற்று. நம்மிடமோ 1927ஆம் ஆண்டின் வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வைத்திருந்தது. காட்டுக்கு வெளியே வளர்ந்த மூங்கிலுக்கு அந்தப் பிடியிலிருந்து 2017இல்தான் விடுதலை கிடைத்தது. தொண்ணூறு ஆண்டுகள் கூடை முடைகிறவர் தன் தோட்டத்து மூங்கிலை வெட்டி வண்டியில் ஏற்றவும் அதிகாரிக்குப் பயப்பட வேண்டியிருந்தது. கூடைக் கலை அழிவதைப் பற்றிய கவலை மட்டும் எல்லா மேடைகளிலும் இருந்தது.

ஆட்டத்துக்கு வருகிறேன். செரோக்கியரிடமும் கோலி உண்டு, நம்மைவிடப் பெரிய அளவில். நம் ‘ட’ எழுத்தைப் போல வளைந்த வரிசையில் ஐந்து குழிகள், ஏறக்குறைய 100 அடி நீளக் களம். அந்தக் காலத்தில் கல்லைத் தட்டித் தட்டி உருண்டையாக்கிக்கொண்டார்கள், இப்போது பில்லியர்ட்ஸ் பந்து. குனிந்து தள்ளுவதில்லை, நின்றபடி வீசுகிறார்கள். தாத்தாக்களும் பேரன்களும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். ஓக்லஹோமாவின் தாலெக்வாவில் 1953 முதல் நடந்துவரும் அவர்களின் தேசியத் திருவிழாவில் இதற்குப் போட்டி உண்டு, ஆடக் களமும் உண்டு. பெட்டியில் போட்டு விற்க முடியாத ஆட்டம்தான். ஆனாலும் ஐந்து குழிக்கான மண்ணை விட்டு வைத்திருக்கிறார்கள்.

அவர்களிடமும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். வட கரோலினாவில் சுற்றுலாப் பயணிகளோடு படம் எடுத்துக்கொள்ளச் சாலையோரத்தில் சிலர் இறகுக் கிரீடம் வைத்து நின்றார்கள். அந்தக் கிரீடம் செரோக்கியருடையதே அல்ல, சமவெளிப் பழங்குடிகளுடையது. பயணி எதிர்பார்த்தது அது, பிழைப்புக்காக அணிந்தார்கள். நம் ரிசார்ட்டுகளில் வார இறுதிக்கு ‘கிராமிய விளையாட்டு’ என்று உறியடியும் மாட்டு வண்டிச் சவாரியும் வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கிரீடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

செரோக்கியரிடம் ஒரு கதை உண்டு, ஜேம்ஸ் மூனி என்ற ஆய்வாளர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களிடம் கேட்டு எழுதிவைத்தது. விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் மட்டைப் பந்தாட்டம். எலி அளவே இருந்த இரண்டு பொடியன்கள் வந்து, எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விலங்குகளிடம் கேட்டார்கள். விலங்குகள் சிரித்து விரட்டின. பறவைகள் மேளத் தோலில் துண்டு எடுத்து ஒருவனுக்கு இறக்கை கட்டின, அவன் வௌவால். இன்னொருவனுக்குத் தோல் போதவில்லை, அவன் உடம்புத் தோலையே இழுத்து நீட்டிவிட்டன, அவன் பறக்கும் அணில். ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அந்தப் பொடியன்கள்தான்.

நம் தெருவில் அந்தப் பொடியனுக்கு ஒப்புக்குச் சப்பாணி என்று இடம் இருந்தது. அண்ணனோடு ஒட்டிக்கொண்டு வந்த நாலு வயதுத் தம்பியை விரட்ட முடியாது, வீட்டில் சொல்லிவிடுவான். அதனால் சேர்த்துக்கொள்வார்கள். அவுட் ஆனாலும் அவுட் இல்லை, இரண்டு பக்கமும் ஆடலாம், அடித்தால் கணக்கில்லை. ஒரு வருஷம் அப்படி ஓடினால் ஆட்டம் தானே கைக்கு வந்துவிடும். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, கட்டணம் வாங்கவில்லை. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செயற்கைப் புல்தரையில் ஆடும் இடங்கள் இப்போது கிழக்குப் பெங்களூருவில் நிறைய வந்துவிட்டன. ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக் காசு கட்டிய ஆட்டத்தில் ஒப்புக்குச் சப்பாணிக்கு எங்கே இடம்?

கால்பந்தும் இந்தத் தரையில் வளர்ந்ததுதான். ஹலசூருவின் கௌதம்புராவுக்குக் குட்டி பிரேசில் என்று பெயர், பெலேவுக்கு அங்கே சிலையே உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூருக்காரர். அதே அணியில் ஆடிய அகமது கானும் இந்த ஊர்தான். அந்த அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று இன்றும் ஆச்சரியமாகச் சொல்கிறார்கள். பந்து எப்படி எழும்பும் என்று கற்றுக்கொடுத்த தரை மண்ணாக இருந்தது, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

பழைய தெருவைத் தங்கத்தில் இழைக்க எனக்கு விருப்பமில்லை. பம்பர ஆணி கால் விரலைப் பதம் பார்த்ததுண்டு, கில்லி கண்ணில் பட்டதுண்டு. கோலி சில இடங்களில் காசு வைத்து ஆடும் சூதாகவும் ஆனது, போலீஸ் விரட்டியதும் நியாயம்தான். பெண் பிள்ளைகளுக்குப் பாண்டியும் அஞ்சாங்கல்லும் வாசற்படி வரைக்கும்தான். வயதுக்கு வந்ததும் அதுவும் நின்றுவிடும். உண்மையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பாண்டி ஆட மண்ணைவிடச் சிமெண்டு வசதி, இன்றும் அது எங்காவது கண்ணில் படுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. தரை இடம் கொடுத்தால் கைபேசியையும் மீறி ஆட்டம் பிழைக்கும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைக் காக்கக் கர்நாடகத்தில் 1985 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. விளையாட்டுத் திடல் இல்லாமல் பள்ளிக்கூடம் இருக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. குழந்தைக்கு விளையாட உரிமை உண்டு என்னும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. பள்ளிகளுக்கென்று 75 பாரதிய விளையாட்டுகளை 2022இல் மத்திய கல்வி அமைச்சகம் முன்வைத்தது. பட்டியல் நன்றாகவே இருந்தது. ஆனால் மூடிய கேட்டுக்குள் திடலை வைத்துக்கொண்டு, உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் பள்ளியில் 75 ஆட்டமும் சுவரில் ஒட்டிய தாளாகத்தான் இருக்கும். மாநகராட்சிப் பூங்காக்களிலோ நடைபாதை, அலங்காரப் புல், ‘விளையாடக் கூடாது’ என்ற பலகை. காலையில் நடக்கிற பெரியவர்களுக்காகவே கட்டியது மாதிரி இருக்கின்றன. நடக்கட்டும், சர்க்கரை நோய்க்கு நல்லது. பிள்ளைகள் எங்கே போவது?

நான் கேட்பது ஸ்டேடியம் அல்ல. பழைய மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்து, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம் என்று வைத்திருக்கிறார்கள். எந்த மாநகராட்சியாக இருந்தாலும், மர்பி டவுன் மாதிரியான பேட்டைகளில் பூங்காவுக்கு ஒரு மூலை, தெருவுக்கு ஒரு முனை, கல் பதிக்காமல், புல் வளர்க்காமல், வெறும் செம்மண்ணாக விட வேண்டும். இருபதடிக்குப் பத்தடி போதும், கோலிக்கும் பம்பரத்துக்கும் அதுவே தாராளம். அரசுப் பள்ளித் திடல்களை மாலையில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறது, பொறுப்பும் அவர் தலையிலேயே விழும் என்று பயப்படுகிறார், அந்தப் பயம் நியாயமானது. பொறுப்பை வார்டு அலுவலகம் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு குறுக்குத் தெருவில் வண்டிகளை நிறுத்தி வைப்பதும் முடியாத காரியம் அல்ல. அம்மன் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் அதே தெருவை அடைக்கத்தானே செய்கிறோம்.

செம்மண் மூலைக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதுதான் அதன் சிக்கலும். கல் பதித்தால் பில் உண்டு, வேலி போட்டால் பில் உண்டு, திறப்பு விழாக் கல்வெட்டு உண்டு. ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு டெண்டர் விட முடியாது. ஆகவே எந்தப் பொறியாளரும் தானாக இதை எழுதமாட்டார், குடியிருப்போர் கேட்டால்தான் நடக்கும். அடுத்த தடவை தெருவுக்குச் சிமெண்டு போட அளவெடுக்க வரும்போது, எந்த இடத்தை விட வேண்டும் என்று நாடா பிடிக்கிறவரிடமே காட்டிவிடுங்கள். எஸ்டிமேட் போட்ட பிறகு சொன்னால் மாற்ற மாட்டார்கள்.

– கட்டுரையாளர், நாட்டார் விளையாட்டு, கைவினை ஆய்வாளர், பெங்களூரு.